நொட்டாங்கை அடி

மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுவதில் மோட்டார்க்காரரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாயும் அப்படித்தான். எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், அந்தக் கதையைக் கேட்காமல் கடையை விட்டுப் போனதில்லை. பாதிப் பேருக்கு அது மனப்பாடம்.

கதை இதுதான். மோட்டார்க்காரர் சின்னப் பையனாக இருந்தபோது, இதே கடையில், இதே மேஜையருகே அவருடைய அப்பாவுக்கு ஷாக் அடித்தது. வயரைப் பிடித்த கை விடவில்லை. பையன் ஓடிவந்து, காயிலைத் தட்டிப் படியவைக்கிற மரச்சுத்தியால் வயரைத் தட்டிவிட்டான். அப்பா பிழைத்துக்கொண்டார். சாகிறவரை, "என் உசுரு இவன் போட்ட பிச்சை" என்று கண்டவரிடமெல்லாம் சொன்னார். கடையையும் மகனுக்கே எழுதிவைத்தார். மோட்டார்க்காரரின் அக்கா தையல் மெஷினை மிதித்துக் காலம் தள்ளினார்.

அன்று அக்கா தன் மிக்ஸியை ரிப்பேருக்கு எடுத்து வந்திருந்தார். தண்ணீர் மோட்டார் கொண்டுவந்த ஆள் ஒருவர் புதுசு. விடுவாரா நம்மாள்?

"வாசல்ல இருந்து ஒரே ஓட்டம் சார். நொட்டாங்கையால, இந்த இடது கையால, சுத்தியைத் தூக்கி, வயர் மேல போட்டேன் பாருங்க ஒரு போடு!"

லீவுக்கு வந்திருந்த மகள் சிரித்துவிட்டாள். "நொட்டாங்கையிலயா? உங்களுக்கு அந்தக் கையில ஒரு ஸ்க்ரூகூட முடுக்க வராதேப்பா! நம்ம வீட்டுல நொட்டாங்கைன்னா அத்தைதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் மிக்ஸி வயரைச் சுற்றிக்கொண்டே, "அவசரத்துல எந்தக் கைன்னா பார்ப்பாங்க? உங்கப்பன்தான் அடிச்சான், போடி" என்றார்.

மோட்டார்க்காரரும் சிரித்துவைத்தார். ஆனால் வேலை ஓடவில்லை. கண்ணை மூடினால் அந்தக் காட்சி பளிச்சென்று வரும்: அப்பா, மேஜை, ஓங்கிய கை. தன் கை என்றால் அது ஏன் அவ்வளவு தூரத்தில், எதிரே தெரிகிறது? சுத்தியைப் பிடித்தவனுக்கு வயரல்லவா கிட்டத்தில் தெரிய வேண்டும்? இவருக்கோ எல்லாமே வாசற்படியிலிருந்துதான் தெரிகிறது. சுத்தியை ஓங்குகிற உருவத்தின் முதுகில் இரண்டு சடைகள் வேறு துள்ளுகின்றன. இத்தனை வருஷமாக அந்தச் சடைகளைக் கண்டும் காணாமல் இருந்திருக்கிறார்.

வந்த ஆள் போனதும் மகளை டீ வாங்க அனுப்பினார்.

"அக்கா, அன்னிக்கு அடிச்சது யாரு?"

"இப்ப எதுக்குடா அது?"

"சொல்லுக்கா."

"நீ வாசல்ல நின்னு கத்திக்கிட்டு இருந்த. அதுக்கப்புறம் படுத்தா தூக்கமே வராது உனக்கு, பயந்து பயந்து எழுந்திருப்ப. அதான் தட்டிக் குடுத்து, 'நீதான்டா அப்பாவைக் காப்பாத்தின, நொட்டாங்கையால ஒரே போடு போட்ட'ன்னு கதை சொல்வேன். என் கை எனக்குப் பழக்கம், அதுவே கதையிலயும் வந்துடுச்சு. நீ தூங்கிடுவ. அப்புறம் நீயே அதைச் சொல்ல ஆரம்பிச்சுட்ட."

மோட்டார்க்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "அப்பாகிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமேக்கா!"

"சொல்லாமயா? கொஞ்சம் பெரியவளானதும் சொன்னேன். உன்னைக் கூப்பிட்டு, 'யாருடா அடிச்சது?'ன்னு கேட்டாரு. நீ 'நான்தான்'னு அடிச்சுச் சொன்ன. 'தம்பிக்கு நல்ல பேரு வந்தா உனக்கு வயித்தெரிச்சலா, இப்படிப் பொய் சொல்றியே'ன்னு என்னை அறைஞ்சாரு. அதோட நான் வாயைத் திறக்கல."

அவர் யோசித்தார், தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். அப்படி ஒரு நாளே அவரிடம் இல்லை. அப்பா கூப்பிட்டுக் கேட்டதும் இல்லை, அக்கா அறை வாங்கியதும் இல்லை. நடக்காத ஒன்றுதான் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது.

"எனக்கு அப்படி எதுவும் ஞாபகமே இல்லையேக்கா" என்று வாயில் வந்துவிட்டது.

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப இன்னிக்கும் நான் பொய்தான் சொல்றேனாடா?"

மோட்டார்க்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்பாவின் அறையைவிட இந்த அறை பெரிது என்று அவருக்கே தெரிந்தது.