சித்திக்கு ஒஸ்லோ காட்டிய நாள்

பாரிஸிலிருந்து சித்தி மூன்று நாள் லீவில் வருகிறார் என்றதும் நான் பள்ளிக் கொப்பியில் ஒரு பட்டியல் எழுதினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஈஃபில் கோபுரத்தைத் தினமும் பார்க்கிறவருக்கு எங்கள் நகரத்தில் எதைக் காட்டுவது என்ற கவலையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் குணம் இன்னும் போகவில்லை. இப்போது மகளின் காய்ச்சலை அளந்துவிட்டு, அளந்தது சரிதானா என்று மறுபடி அளக்கிறேன்.

சித்தி வந்தது ஊர் பார்க்க அல்ல என்பது என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாட்டின் மறுகரையில், மழை ஓயாத பேர்கனில் மருத்துவமனை ஒன்றில் வேலை செய்யும் ஒருவரை அம்மா தன் தங்கைக்குப் பேசி வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிட்டால் நாங்கள் இருந்த அம்மருட் மாடிக்கட்டடம் முழுவதும் செய்தி பரவிவிடும். ஆகவே ஊர் சுற்றும் சாட்டில் இருவரும் பார்த்துக் கதைப்பது, பின்னேரம் அவர் ரயில் ஏறுவதற்குள் முடிவைச் சொல்வது என்று ஏற்பாடு. இடங்களை என் பட்டியலிலிருந்து எடுத்ததுதான் பெரியவர்கள் விட்ட பிழை.

முதலாவது, சிலைப் பூங்கா. பாலத்தடியில் ஒருவர் நல்ல வெயிலிலும் குடையோடு நின்றார்.

"அட தம்பி, நீர் இஞ்சையோ!" என்று அப்பா ஆச்சரியப்பட்டார். அப்பாவுக்கு நடிப்பு வராது.

பாலத்தின் இருபக்கமும் வெண்கலத்தில் ஆண்களும் பெண்களும் உடுப்பில்லாமல் நின்றார்கள். மனிதர் பிறப்பதிலிருந்து இறப்பது வரை எல்லாம் இதில் இருக்கிறது என்று வகுப்பில் படித்ததை நான் உரக்க விளக்கினேன். அம்மா வானத்தைப் பார்த்தார். அந்த மனிதர் குடையின் பிடியை ஆராய்ந்தார்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு வேற இடமே கிடைக்கேல்லையோ?" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டார்.

சித்தி மட்டும், உடல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் போகும் பூங்கா நடுவிலிருந்த கல்தூணை நிமிர்ந்து பார்த்து, "எவ்வளவு வடிவு!" என்றார். பாரிஸ் தோற்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு படகில் போய் அருங்காட்சியகத்தில் வைக்கிங் கப்பல்கள் பார்த்தோம். ஆயிரம் வருடம் மண்ணுக்குள் கிடந்தும் அந்தக் கறுத்த மரத்தின் வளைவு கலையவில்லை. அம்மா மூன்று தரம் ஐஸ்கிறீம் வாங்கித் தருவதாக என்னை வெளியே கூப்பிட்டார்.

"நான் வந்தா சித்திக்கு ஆர் விளங்கப்படுத்துறது?" என்று மறுத்துவிட்டேன். ஐஸ்கிறீமைவிடக் கடமை பெரிது.

கடைசி இடம் அந்த வருடம்தான் திறந்த ஒப்பெரா மண்டபம். அதன் கூரை வெள்ளைப் பளிங்கு. தண்ணீருக்குள்ளிருந்து சரிவாக எழுந்து வானம் வரை போகும். யாரும் ஏறி நடக்கலாம். இத்தனை பெரிய கட்டடத்தின் தலையில் கால் வைக்க விடுகிற நகரம் வேறு எங்கே இருக்கும்? நான் தண்ணீரைத் தொடுவதற்குக் கீழே ஓடினேன். அம்மாவும் அப்பாவும் பின்னால் ஓடி வந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது மேலே சித்தி ஏதோ சொல்ல, அந்த மனிதர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அது என்னவென்று போன வருடம்தான் சித்தி தொலைபேசியில் சொன்னார். பாரிஸில் தாதிப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்ததாம்; அதை விட்டுவிட்டு வர மனமில்லையாம். ஆனால் தன்னை வெளிநாட்டுக்கு எடுத்துவிட்ட அக்காவிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லையாம்.

அதற்கு அந்த மனிதர் சொன்னாராம்: "அப்ப எனக்கு விருப்பமில்லையெண்டு நானே சொல்லுறன். ஏச்சு எனக்கு விழட்டும். நான் பேர்கனுக்குப் போயிடுவன்தானே."

நான் தண்ணீரைத் தொட ஓடாமல் பக்கத்திலேயே நின்றிருந்தால் சித்தி வாய் திறந்திருப்பாரா என்று இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன்.

ரயில் மேடையில் அவர் அப்பாவிடம், "அண்ணை, குறை நினையாதேங்கோ. எனக்கு இப்ப கலியாண யோசினை இல்லை" என்றார். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது, விளங்கியதாக நினைத்தேன்.

"அப்ப ஏழு மணித்தியாலம் ரயிலேறி ஆரைப் பாக்க வந்தவராம்?" என்று அம்மா அவர் காதில் விழும்படியே கேட்டார்.

அவர் அதை வாங்கிக்கொண்டு என்னிடம் குனிந்தார். "பிள்ளை, நல்லாச் சுத்திக் காட்டினீர். பேர்கனுக்கு வாரும், அங்கை நான் காட்டுறன்."

என் நகரத்தையும் என் சித்தியையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறவர் என்ன மனிதர்! அவர் நீட்டிய கையைத் தொடாமல் என் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

ரயில் நகர்ந்தது. அம்மாவும் அப்பாவும் திரும்பிவிட்டார்கள். சித்தி மட்டும் நின்று கையசைத்துக்கொண்டேயிருந்தார். எங்களை இப்படி அவமதித்தவருக்கு இவ்வளவு மரியாதை எதற்கு? நான் எட்டி, சித்தியின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.