பாதியில் நின்ற லண்டன் படம்

போன வாரம் பழைய மேஜை விளக்கைத் துடைக்காமல் போட்டுவிட்டேன். சூடான பல்பில் தூசி கருகும் வாசனை வந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அம்பத்தூரில் எங்கள் மாதா கோயில் ஹாலில் இருந்த புரொஜக்டரும் ஓடும்போது இப்படித்தான் நாறும்.

எண்பதுகளின் நடுவில் நானும் ஸ்டெல்லாவும் அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டுகள். படம் காட்டியே ஊரைத் திருத்திவிடலாம் என்று நினைக்கிற வயசு, வேறென்ன சொல்ல? நகரத்தில் ஒரு நூலகம் குறும்பட ரீல்களை இரவல் தரும். ஒன்றை வாங்கி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் வந்தோம். ஜமைக்காவிலிருந்து லண்டனுக்கு நர்ஸ் வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களைப் பற்றிய ஆவணப்படம். நாங்களும் அதை முதல் தடவையாக அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாலில் ஜனங்களோடுதான் பார்த்தோம். அந்த இங்கிலீஷ் எங்களுக்கே பாதிதான் புரிந்தது. ஆனாலும் ஸ்டெல்லா மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவளும் நல்ல கறுப்பு. வந்த வரன்கள் அதற்காகவே திரும்பிப் போயிருந்தன.

படத்தில் ஒரு நர்ஸ் வாடகைக்கு அறை தேடி அலைகிறாள். முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்துகிறார்கள். இன்னொரு கதவைத் தட்டிவிட்டுக் காத்து நிற்கிறாள். அந்த நேரம் பார்த்து, ஹாலைக் கவனித்துக்கொண்ட கோயில் சங்கத் தலைவர் எழுந்து லைட்டைப் போட்டார்.

"இன்னாம்மா இது? லண்டன் படம்னு சொல்லிட்டு, எல்லாம் கறுப்பாவே கீறாங்க?"

"அவங்களும் லண்டன்லதான சார் இருக்காங்க?" என்றாள் ஸ்டெல்லா.

"ஜனங்க பாக்குற மாதிரி எதுனா போடும்மா."

ஹாலைப் பெருக்குகிற மேரி அக்கா பின்வரிசையிலிருந்து எழுந்தாள். அந்த மாதம்தான் வாடகை வீட்டின் சொந்தக்காரர் அவளைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார்.

"சார், அந்தப் பொண்ணுக்கு ஊடு கெடச்சுதா இல்லியா? அத்த மட்டும் காமிச்சுட்டு நிறுத்துங்க சார்."

யாரோ சிரித்தார்கள். தலைவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். மறுநாள் ரீலைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், கொடுத்தோம்.

வீடியோ கேசட் எங்கும் பரவிய பிறகு அந்த நூலகத்துக்குப் போய் அந்தப் படத்தைக் கேட்டேன். "ரீலா? எல்லாத்தையும் கழிச்சுக் கட்டியாச்சும்மா" என்றார்கள். ஹாலையும் இடித்து மாடி கட்டிவிட்டார்கள். அதற்கெல்லாம் முன்பே மேரி அக்கா பாத்திர மூட்டையோடு நெமிலிச்சேரிக்கு ரயில் ஏறியிருந்தாள். ஸ்டேஷனில் விலாசம் கேட்டேன்.

"இன்னும் ஊடே பாக்கலம்மா. கெடச்சதும் வந்து சொல்றேன்" என்றாள்.

வரவே இல்லை.