குரோருட்டில் பேசிய மேளம்

நவம்பர், வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்றரைக்கு ஒஸ்லோ மத்திய நிலையத்தில் ஐந்தாம் எண் ரயிலைப் பிடித்தேன். நகரின் ஓரத்திலுள்ள குரோருட்டுக்கு இருபது நிமிடம். இறங்கும்போதே இருட்டிவிட்டிருந்தது.

நைஜீரியாவின் லாகோஸில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன் நான். கோவைக்குத் திரும்பிய பிறகும் அந்த ஊரின் ஆஃப்ரோபீட்ஸ் இசை காதை விட்டுப் போகவில்லை. அங்கே பக்கத்து வீட்டில் இருந்த மேளக்காரன் டாயோ இப்போது ஒஸ்லோவாசி. அவனைப் பார்க்கத்தான் வந்தேன்.

நிலைய வாசலிலிருந்து நேராக ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக்கு அழைத்துப்போனான். அபிராமியின் ஒலிப்பதிவு அறை. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்தவள். டாயோவின் பாட்டுகளுக்கு இசை சேர்ப்பவள்.

டாயோவின் மேளம் உடுக்கைபோல் இடை சிறுத்தது. அக்குளில் இடுக்கிக் கயிற்றை அழுத்த அழுத்த ஒலி ஏறி இறங்கும். அவனுடைய யொரூபா மொழியில் குரலின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும். அதனால் மேளமும் பேசும். லாகோஸ் கல்யாணங்களில் அது விருந்தாளிகளைப் பெயர் சொல்லி அழைப்பதைக் கேட்டிருக்கிறேன்.

புதுப் பாட்டின் முதல் முப்பது நொடி வெறும் மேளம்.

"இதைத்தான் பாட்டை வெளியிடப்போற லண்டன் கொம்பனி வெட்டச் சொல்லுது, அண்ணா," என்றாள் அபிராமி. "உடனே பாட்டுத் தொடங்காட்டி ஆக்கள் அடுத்ததுக்குப் போயிடுவினமாம்."

"மேளம் என்ன சொல்கிறது?" என்று டாயோவிடம் கேட்டேன்.

"அம்மாவின் பெயரை," என்றான்.

அவனுடைய குடியிருப்பு அனுமதி இன்னும் முடிவாகவில்லை. நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வரமுடியாது. அம்மாவைப் பார்த்து நான்கு வருடம்.

"அம்மா இதைக் கேட்டவவோ?" என்றாள் அபிராமி. அதையே நோர்வேஜிய மொழியில் அவனிடமும் கேட்டாள். அவன் தலையசைத்து மறுத்தான். அவள் கைபேசியை மேசைமேல் வைத்தாள்; அவன் அம்மாவின் எண்ணை அழுத்தினான்.

லாகோஸில் அம்மா எடுத்தாள். பின்னால் ஜெனரேட்டர் இரைந்தது. டாயோ பேசவில்லை, வாசித்தான். அவன் முடித்ததும் அம்மா ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"வா."

யொரூபாவிலும் அதற்கு அதுதான் பொருள். அபிராமிக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. டாயோ மேளத்தோலில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"நான் வெட்ட மாட்டன்," என்றாள் அபிராமி. "கொம்பனி வேண்டாமெண்டா நாங்களே வெளியிடுவம்."

ஆறு மணிக்கு டாயோ என்னை நிலையத்தில் விட வந்தான். இன்னும் இரண்டு நாளில் நான் கோவையில் இருப்பேன். ரயில் வரும்வரை அதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எப்போது ஊருக்குப் போகிறாய் என்று அவனும் கேட்கவில்லை.