கார் ஒன்றும் தோணி இல்லை

கோபத்தோடு எழுதுகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, கல்யாண ஆட்கள் எல்லாம் எங்கள் கல்முனை வீட்டு வளவில் கூடி நிற்கிறார்கள். மாப்பிள்ளை தயார். மாலை போட்ட கார் தயார். நான் மட்டும் கார்ச் சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, தரமாட்டேன் என்று நிற்கிறேன்.

இவளுக்கென்ன பைத்தியமா என்று நினைக்கிறீர்கள்தானே? அங்கே நின்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

கார் என் வாப்பாவுடையது. பழைய மொரிஸ் மைனர். வாப்பா மௌத்தான பிறகு கடலைப் பார்த்தபடி வளவில் கிடந்தது. எங்கள் கடற்காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று... காரை விட்டுவைக்குமா? அடித்தட்டு, கதவுக்குக் கீழே, எல்லா இடமும் துருப்பிடித்துக் கறள். மிதித்தால் பப்படம் மாதிரி நொறுங்கும்.

என் கணவருடைய ராத்தா, அதாவது அக்காவின் மகன் சப்ராசுக்கு நிந்தவூரில் பெண் பேசி முடிந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குப் போகவேண்டும். மருமகனை இந்தக் காரில்தான் கொண்டுபோய் இறக்குவது என்று இவருக்கு ஒரு ஆசை வந்துவிட்டது.

எனக்கும் சந்தோஷம்தான். ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

"கறள வெட்டி எடுங்க. நல்ல இரும்பு தெரியுமட்டும் வெட்டி, புதுத் தகடு வெச்சி வெல்ட் பண்ணுங்க. மறுகா பெயின்ட் அடிக்கலாம்."

"ஓம் ஓம், அதெல்லாம் பாஸ் பாத்துக்குவாரு."

யார் இந்த பாஸ்? எங்கள் பக்கம் மேஸ்திரிமார் எல்லாருமே பாஸ்தான்; இந்த பாஸ் கடற்கரையில் ஃபைபர் தோணிகளுக்கு ஓட்டை அடைக்கிறவர். ஃபைபர் துணியை விரித்து, பசையைப் பூசிக் காயவிட்டால் ஓட்டை இருந்த இடமே தெரியாது. அந்த வேலையில் கெட்டிக்காரர், நான் மறுக்கவில்லை. ஊரே அவரை ஃபைபர் பாஸ் என்றுதான் கூப்பிடும். ஆனால் காருக்கு ஏன் அவர்? என் கணவருடைய கூட்டாளி... வேறென்ன தகுதி வேண்டும்!

கார் திரும்பி வந்தது. நீல நிறத்தில் அப்படியொரு பளபளப்பு. "கறள வெட்டினீங்களா?" என்று பாஸிடம் கேட்டேன். அவர் என் கணவரைப் பார்த்துச் சொல்கிறார்: "ஒண்டுக்கும் யோசிக்காதீங்க காக்கா. கண்ணாடி மாதிரி இரிக்கு."

கேட்டது நான். பதில் அவருக்கு! என் வாப்பாவின் காரைப் பற்றி நான் வாய் திறந்தால், பதில் பக்கத்தில் நிற்கிற ஆம்பிளைக்குப் போகிறது. இது எந்த ஊர் நியாயம்?

வெள்ளிக்கிழமை ஆம்பிளைகள் ஜும்ஆவுக்குப் போன நேரம், காருக்குப் பூ ஒட்டப் போனேன். கதவுக்குக் கீழே புது பெயின்டில் ஒரு சின்னக் கொப்புளம். நகத்தால் சுரண்டினேன். மண்ணிறத் தூள் கொட்டியது. கால் வைக்கிற இடத்தில் விரித்திருந்த புது ரப்பர் மெட்டைத் தூக்கிப் பார்த்தேன்.

இரும்பைக் காணோம்! அடித்தட்டு முழுக்க ஃபைபர். அப்படியே தோணியின் உட்புறம். ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன்... ஃபைபர் ஒட்டியிருந்த இரும்பு புட்டுமா மாதிரி உதிர்ந்தது. கறளை வெட்டவே இல்லை. அதற்கு மேலேயே போர்த்திவிட்டிருக்கிறார். உள்ளே அது தன்பாட்டில் தின்றுகொண்டு இருக்கிறது. டிரைவர் சீட்டின் ஆணிகள் நிற்பதும் அந்த இரும்பில்தான்.

மாப்பிள்ளைக் கார் என்றால் குடும்பத்துச் சின்னதுகள் எல்லாம் முண்டியடித்து ஏறும். என் கடைசி மகள் புதுச் சட்டையோடு பின் சீட்டில் இடம் பிடித்து உட்கார்ந்தே விட்டாள். அவளை இழுத்து இறக்கினேன். சாவியை எடுத்தேன்.

அதன் பிறகுதான் அந்தக் கூத்து.

"வழிய விடுங்க மச்சி. நல்ல நாளும் அதுவுமா என்ன கதை கதைக்கிறீங்க?" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிட்ட வந்தார். "எல்லாருக்கும் முன்னால என்ட மானத்த வாங்காதீங்க. சாவியத் தாங்க."

கல்யாணத்துக்கு பாஸும் வந்திருந்தார். சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "ராத்தா, கடல்ல போற தோணிக்கே நிக்கிற சாமான் இது. ஒங்கட காருக்கு நிக்காதா?"

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உச்சிக்கு ஏறியது.

"தோணிக்குத் தண்ணி உள்ளுக்கு வரப்படா பாஸ். காருக்கு ஆள் வெளிய விழப்படா! ரெண்டும் ஒண்டா? அவ்வளவு நம்பிக்கையெண்டா நீங்களே ஏறிக் குதிங்க பாப்பம்."

பாஸின் சிரிப்பு நின்றது. "எனக்கு முழங்கால் ஏலாது ராத்தா..."

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீங்களா?" என்று என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தரம் எம்பி உட்கார்ந்தார்.

கடக்!

சீட்டின் பின்பக்கம் அப்படியே இறங்கியது. மனிதர் மல்லாந்தார். இரண்டு காலும் ஸ்டியரிங்குக்கு மேலே. காருக்குக் கீழே குனிந்து பார்த்தால், எங்கள் வளவு மணலில் மண்ணிறத் தூள் குவிந்து கிடக்கிறது. பக்கத்தில் அந்த ஃபைபர் தட்டு, ஒரு கீறலும் இல்லாமல்! பாஸ் பொய் சொல்லவில்லை. அவருடைய சாமான் உடையவே இல்லை. அது ஒட்டிக்கொண்டிருக்கத்தான் இரும்பு இல்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் மெதுவாக என்னிடம், "மாமி, ஒரு ஆட்டோவ கூப்பிடுங்க" என்றான். ஆட்டோவில்தான் நிந்தவூர் போய்ச் சேர்ந்தான். நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

இதே சீட் காரைதீவுச் சந்தியில், பஸ்களுக்கு நடுவில் இறங்கியிருந்தால்? ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? பின்னால் இருந்த பிள்ளைகள்? எங்கள் ஆட்களுக்குக் கறள் இருப்பது பிரச்சினை இல்லை. கறள் வெளியே தெரிவதுதான் பிரச்சினை! அதைக் காட்டுகிறவள் அதைவிடப் பெரிய பிரச்சினை.

பிள்ளைகள் தப்பினார்களே என்று ஒருவராவது சொல்லவேண்டுமே? இல்லை. பெண் வீட்டில் சோறு தின்னும்போதே கதை பரவிவிட்டது. கார் நன்றாகத்தான் இருந்ததாம். நான் குனிந்து குனிந்து பார்த்துக் கண்ணூறு பட்டுத்தான் உடைந்ததாம்! பாஸ் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் மாமியார் வந்தார். என் கண்ணூறு கழிவதற்காகக் காரைச் சுற்றிப்போட வேண்டுமாம். அதற்குச் செத்தல் மிளகாயும் என்னிடம்தான் கேட்டார்.

ஒரு பிடி அள்ளிக் கொடுத்தேன். "கறளுக்கும் சேத்துச் சுத்துங்க மாமி" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.