முதல் பாகம் இல்லாத நாவல்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனியாபுரத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடுவோம். ஆளுக்கொரு புத்தகத்தைப் பேப்பரில் பொதிந்து கட்டைப்பைக்குள் போட வேண்டும். கைவிட்டு எடுப்பதுதான் அந்த மாதத்துக்கு, மாற்றித் தரமாட்டார்கள். எனக்குக் குடும்ப நாவல்தான் பிடிக்கும். கடைசிப் பக்கத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்கார வேண்டும். கையில் வந்ததோ செங்கல் தண்டிக்கு ஓர் உப்பளத்து நாவல், அதிலும் இரண்டாம் பாகம்.

"முதல் பாகம் எங்கம்மா?" என்று அதைக் கொண்டுவந்த டீச்சரிடம் கேட்டேன்.

"ஐயையோ, பழைய புத்தகக் கடையில பாக்காம வாங்கிட்டேன்க்கா."

தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போது என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. கப்பலூரில் வெல்டராக இருந்தவர். பேப்பரில் விளையாட்டுப் பக்கம் தவிர எதையும் படித்ததில்லை. அந்த மிஷின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தால் எனக்கு அழுகை வரும். அதனால் நாவலை வாய்விட்டுப் படித்தேன். முதல் பக்கத்திலேயே, வீட்டை விட்டு வந்த ஒருத்தி உப்பு வாரிக்கொண்டிருந்தாள். ஏன் வந்தாள் என்று ஒன்றும் விளங்கவில்லை. மூடிவைக்கப் போனேன்.

"ஏய், படி. முன்னால நடந்தத நான் சொல்றேன்," என்றார்.

"ஆமா, நீங்கதான் எழுதுனீங்க!"

"கேளு புள்ள. அவ அப்பன் கிணறு வெட்டுற ஆளு..."

அப்படித் தொடங்கியது. நான் ஓர் அத்தியாயம் படிப்பேன். அவர் அதற்கு முந்திய கதையை அவிழ்த்துவிடுவார். அவளுக்கு வாய் பேசாத ஓர் அண்ணன், கொம்பு ஒடிந்த ஒரு மாடு. இம்புட்டையும் அந்த மனுஷன் எங்கே வைத்திருந்தார்! கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. வட்டத்துக்குப் போய் நான் படித்ததில் ரொம்பப் பிடித்தது இந்தப் பாதி நாவல்தான். ஆஸ்பத்திரி நாள் எப்போது வரும் என்று ஆசையாகக் காத்திருந்த பொண்டாட்டி ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவள் ஏன் வீட்டை விட்டுப் போனாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஆள் வற்றிக்கொண்டே வந்தார். குரலும் உள்ளே போய்விட்டது. எனக்குப் பயமாக இருந்தது.

"அதச் சொல்லித் தொலைங்களேன்!" என்று ஒருநாள் கத்தினேன்.

"சொல்லிட்டா கதை முடிஞ்சுபோகும்ல. அடுத்த தடவ சொல்றேன்," என்று சிரித்தார்.

அடுத்த தடவைக்கு அவர் இல்லை. வீட்டிலேயே, நான் காபி ஆற்றிக் கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு டீச்சர் வந்தாள். எங்கெங்கோ அலைந்து முதல் பாகத்தைப் பிடித்திருந்தாள். பாவம், நல்ல மனசு. அன்றே உட்கார்ந்து படித்தேன். அதில் அந்த உப்பு வாரியவளின் அப்பா பலசரக்குக் கடைக்காரர். அண்ணனும் இல்லை, மாடும் இல்லை. வீட்டை விட்டுப் போன காரணம் மட்டும் விலாவாரியாக இருந்தது. ஏதோ சொத்துத் தகராறு. எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் புத்தகத்தைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் எறிந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இருக்கும்போது டீச்சர் ஆசையாகக் கேட்டாள்: "அவ ஏன் போனான்னு இப்பத் தெரிஞ்சிருச்சுல்லக்கா?"

"இல்லம்மா," என்றேன். "சொல்றேன்னாரு. சொல்லாமப் போயிட்டாரு."