கீரை தின்ற மீன்

அமெரிக்க ஊரான சுகர் லேண்டில் திருமூர்த்தியின் வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அதை வைத்து வளர்த்தவர் அவர் மனைவி வசந்தாமணி. கட்டைவிரல் அளவில் அவர் வாங்கி வந்த ஊதாப் பவளத் துண்டு, விரித்த கையைவிடப் பெரிதாகக் கிளைத்திருந்தது. பவளம் ஒட்டியிருந்த பாறையில் படரும் பாசியை மேய ஒரு மஞ்சள் மீன். எண்ணெய்க் கம்பெனியில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற திருமூர்த்தி, தொட்டிப் பக்கமே போனவரில்லை.

போன ஆண்டு தொண்டைப் புற்றுநோயில் வசந்தாமணி இறந்துபோனார். கடைசி மாதங்களில் திருமூர்த்தி ரசஞ்சோற்றைக் கரைத்துக் கரண்டியோடு உட்கார்ந்திருப்பார். "வேண்டாமுங்க, எறங்க மாட்டேங்குது" என்று அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்த திருமூர்த்தி ஓர் இலையைத் தொட்டியில் போட்டார். மீன் பாய்ந்து வந்து தின்றது. இன்னொன்று போட்டார். அதுவும் போயிற்று. மனைவி போனபின் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"தின்னு சாமி. நீயாவது தின்னு."

அதன்பின் அவர் சாப்பிடும் வேளையெல்லாம் மீனுக்கும் இலை உண்டு. வயிறு நிறைந்த மீன் பாறைப் பக்கம் போவதை விட்டுவிட்டுக் கண்ணாடியோரம் அவருக்காகக் காத்து நின்றது. மிஞ்சிய இலை அழுகிப் பாசிக்கு உரமாயிற்று. பாறை பச்சையாவதைப் பார்த்து, தொட்டி செழித்திருக்கிறது என்றே அவர் நினைத்தார்.

தீபாவளிக்கு டாலஸிலிருந்து வந்த மகள் ஷ்ரேயா பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அப்பா! அம்மாவோட கோரல் எங்க?"

"அங்கதான் இருக்குது கண்ணு, பாசிக்குள்ளார."

"வாட் ஆர் யூ ஃபீடிங் ஹிம்?"

"கீரைதான். பாவம், பசியோட பாக்குதில்ல?"

"ஹி ஆல்வேஸ் லுக்ஸ் லைக் தட்! மூணு வேளையும் விருந்து வெச்சா எவன்ப்பா வேலைக்குப் போவான்? பட்டினி போடுங்க. அப்பத்தான் மேயும்."

மறுநாள் இலை இல்லை. மீன் கண்ணாடியை முட்டிக்கொண்டே இருந்தது. திருமூர்த்தி தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய், அதன் கண்ணில் படாமல் நின்றபடி இரண்டு வாய் உண்டார். எப்படியாவது பவளம் மீண்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

ஒரு வாரத்தில் மீன் பாறைக்குத் திரும்பியது. கொத்திக் கொத்தி மேய்ந்தது. பச்சை விலக விலகக் கிளைகள் வெளியே வந்தன. எலும்பைப்போல இருந்தன. ஓரிடத்திலும் ஊதா இல்லை.

ஷ்ரேயா போனில் கேட்டாள். "கோரல் தெரியுதாப்பா?"

"தெரியுது கண்ணு. வெள்ளையாத் தெரியுது."

திருமூர்த்தி போனோடு தொட்டியருகே போய் நின்றார்.

"எடுத்தறட்டுமா?"

"வேண்டாம்ப்பா." அவள் அழுதுகொண்டிருந்தாள்.

செத்த கிளைகளின்மேல் அதற்குள் மெல்லிய பாசி படிந்திருந்தது. மீன் அங்கேதான் இருந்தது.

"அதும் மேலயே மேயுது கண்ணு" என்றார் திருமூர்த்தி.