மூடுபனியில் கேட்ட சங்கிலிச் சத்தம்

பிலோமினா அக்கா இறந்த செய்தி வந்தபோது, வீட்டு விசேஷத்துக்குக் காய்கறி வாங்க ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிருந்தேன். போனில், ஞாயிறுதோறும் எங்களோடு விளையாடும் முருகேசன், "அண்ணே, அக்கா போயிருச்சுண்ணே. காலையில நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்துச்சாம். அம்புட்டுத்தான்" என்றான். பின்னால் ஒரு லாரி நகர்ந்து வந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. மூட்டை இறக்குபவர் ஒருவர்தான் என் கையைப் பிடித்து இழுத்தார்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவினர் அவரை அறிவார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஸ்டோரைக் கவனித்தவர். நான் அங்கே சூப்பர்வைசர். வெளிநாட்டிலிருக்கும் அவருடைய தங்கை மகள் அனுப்பிய வீடியோவில்தான் டிஸ்க் கோல்ஃபை முதன்முதலில் பார்த்தோம். கம்பத்தில் ஓர் இரும்புக் கூடை, அதற்கு மேலே தொங்கும் சங்கிலிகள். தூரத்திலிருந்து தட்டை வீசி, குறைந்த வீச்சுகளில் கூடைக்குள் விழவைக்க வேண்டும். கூடை எங்கே கிடைக்கும் என்று நாங்கள் விசாரித்துக்கொண்டிருந்தோம். அக்கா இரண்டு பழைய சைக்கிள் ரிம்களையும் ஊஞ்சல் சங்கிலியையும் தூக்கிக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போய்விட்டார்.

முதல் கூடையில் தட்டு சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் ஓடியது. நாங்கள் சிரித்தோம். அவர் உள்ளே இன்னொரு வரிசைச் சங்கிலி மாட்டி, எல்லாவற்றையும் தளர்த்திவிட்டார். "இறுக்கிக் கட்டுனா தட்டு தெறிச்சு ஓடிரும். தொளதொளன்னு தொங்குனாத்தான் வாங்கிக்கும்" என்றார்.

ஆறு கூடைகளை மினி வேனில் ஏற்றிக்கொண்டு நத்தம் மாந்தோப்பு, வற்றிய கண்மாய்க் கரை என்று அலைந்தோம். இடம் பார்ப்பதில் அக்கா கறார். "கண்ணுக்கு அழகா இருந்தாப் பத்தாது. தட்டு விழுற எடத்துல மனுசன் கால் ஊனி நிக்க முடியணும்" என்பார்.

சிறுமலையில் அந்தச் சொல்லை நான் மதிக்கவில்லை. தெரிந்தவர் ஒருவரின் தோட்டம் அது. விளிம்பில் நின்றால் திண்டுக்கல் சமவெளி முழுவதும் காலடியில் விரியும். கடைசிக் கூடையை அங்கேதான் நட வேண்டும் என்று அடம்பிடித்தேன். "வேணாம் ராசு, அங்கிட்டுப் பள்ளம்" என்று சொல்லி, அவர் உள்ளே தள்ளி நட்டார். ஆட்டம் முடிந்து மற்றவர்கள் வேனுக்குப் போன பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கையிலிருந்த தட்டை வேண்டுமென்றே விளிம்பைப் பார்த்து வீசினேன். அவர் தடுக்கத் தடுக்க, அதை எடுக்கச் சரிவில் இறங்கினேன்.

பனி எந்தப் பக்கமிருந்து வந்ததென்றே தெரியவில்லை. நீட்டிய என் கை எனக்கே தெரியவில்லை. ஓர் அடி வைத்தேன்; காலடிக் கல் உருண்டு போனது. அது விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. மேலே எது, கீழே எது என்று புரியாமல் புல்லைப் பற்றிக்கொண்டு கத்தினேன்.

"அசையாத! சங்கிலிச் சத்தம் கேக்குதா?"

கேட்டது. கூடையின் சங்கிலிகளை யாரோ பிடித்து உலுக்கும் சத்தம்.

"அதப் பாத்துத் தவழ்ந்து வா. சத்தம் நின்னா நீயும் நின்னுரு!"

தவழ்ந்தேன். இரண்டு முறை சத்தம் நின்றது. இரண்டு முறையும் முகத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு, அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நடுங்கிக் கிடந்தேன். மறுபடி சத்தம் வந்தது. எவ்வளவு நேரமோ தெரியாது, கடைசியில் இரும்புக் கம்பம் கையில் தட்டுப்பட்டது.

"நீ வாரியான்னு காது குடுத்துக் கேக்கத்தான் ரெண்டு வாட்டி நிறுத்துனேன்" என்றார். சங்கிலி உரசி அவருடைய உள்ளங்கைகள் தோலுரிந்து ரத்தம் கசிந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். "செத்த நேரம் உக்காரு" என்றார், அவ்வளவுதான்.

பனி விலகியதும் முருகேசன் ஓடி வந்தான். "என்னக்கா சத்தம் அது?"

அக்கா கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். "சங்கிலி தாங்குதான்னு ராசுவும் நானும் பாத்தோம்."

அதன் பிறகு எங்களுக்குள் எத்தனையோ சண்டைகள். கோபத்தில்கூட அந்த நாளை அவர் வெளியே சொன்னதில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அடக்கத்தன்று அவருடைய கைகளில் செபமாலையைச் சுற்றியிருந்தார்கள். அருகில் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு பொய். என் மானத்துக்காக அவர் சொன்ன பொய். முருகேசா, அன்றைக்கு என்ன சத்தம் என்று கேட்டாயே, என் உயிர் திரும்பி வந்த சத்தம் அது.